பிகோ போர்டில் ஒரு தம்புரா: 11-ஆவது நிமிடத்தில் அலறிய சாரணி

ராத்திரி முழுக்க ஓடவிட்ட பெட்டி காலையிலும் அதே ஒலியில் மீட்டிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு வரியாக லேப்டாப்பில் விழுந்திருந்த பதிவில் முதல் வரியின் உச்ச அளவும் கடைசி வரியின் உச்ச அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சரி, இப்போது எழுதலாம்.

ஐந்து கட்டைக்கு ஒரு எலெக்ட்ரானிக் தம்புரா பெட்டி. கைபேசிச் செயலி இருக்கிறதே என்பவர்களுக்கு: இருக்கிறது, அழைப்பு வந்தால் சுருதி நின்றுபோகிறது. மேலும், பதிவு செய்த ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டாமல் தந்தியையே கணக்கால் செய்து பார்க்கும் ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

பொருட்கள்: ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்னக் கணினிப் பலகை 399 ரூபாய், மேக்ஸ் 98357ஏ ஆம்ப்ளிஃபயர் போர்டு 210, மூன்று அங்குல 4 ஓம் ஸ்பீக்கர் 110, இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் குமிழோடு 60, டாட் போர்டு 40. மொத்தம் 819. பழைய கைபேசி சார்ஜர், ஒயர், சால்டர் எல்லாம் வீட்டில் கிடந்தவை. பிகோவில் இருக்கும் ஆர்பி 2040 சிப்புக்குத் தசமக் கணக்குக்கான தனி வன்பொருள் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் 16 பிட் முழு எண்ணிலேயே செய்வது என்று முடிவு செய்தேன். பின்னால் வந்த வேடிக்கையில் பாதிக்கு இந்த முடிவுதான் காரணம்.

தந்திக்கு எடுத்துக்கொண்டது கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் 1983-இல் வெளியிட்ட முறை. ஒரு பஃபரில், அதாவது நினைவகத்தில் எண்களை வரிசையாக வைக்கும் இடத்தில், கொஞ்சம் இரைச்சலை, ஒழுங்கில்லாத எண்களைக் கொட்ட வேண்டும். அப்புறம் அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பி, அதையே பஃபரின் வாலிலும் திரும்பப் போட வேண்டும். இவ்வளவுதான். இரைச்சல் சுற்றிச் சுற்றி வரும்போது கரகரப்பு தேய்ந்து, மீட்டிய தந்தி போலக் கேட்கிறது. முதல் தடவை கேட்கும்போது நம்பவே முடியாது.

ஐந்து கட்டைக்கு சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஆகவே தம்புராவின் நாலு தந்திகளில் சாரணி, அனுசாரணி இரண்டும் 196, கீழ்ப் பஞ்சமம் 147, மந்தரம் 98. வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள்) என்ற வேகத்தை இவற்றால் வகுத்தால் பஃபரின் நீளம் 225, 300, 450. மீதியே இல்லாமல் இப்படி விழுந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் சராசரி எடுப்பதே அரை சாம்பிள் தாமதத்தைக் கூட்டுகிறது. 225 என்பது உண்மையில் 225.5 ஆகி, சாரணி 195.57 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. அரைச்சுரத்தில் நூற்றில் நாலு பங்கு குறைவு. அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தேன்.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு மீட்டுக்கும் பஃபரை அழித்துப் புதிய இரைச்சலை நிரப்பினேன். வேலை செய்தது. ஆனால் ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தி ஒவ்வொரு முறையும் 'டக்' என்று வெட்டுப்பட்டது. நிஜத் தம்புராவில் அடுத்த மீட்டு, மிச்சமிருக்கும் அதிர்வின் மேல்தான் விழும். ஆகவே அழிக்காமல், புதிய இரைச்சலைப் பழையதோடு கூட்டினேன். வெட்டு போய்விட்டது, அழகாக இருந்தது. சுமார் பதினொரு நிமிடம்.

அப்புறம் சாரணியும் அனுசாரணியும் ஒன்றையடுத்து ஒன்றாக அலறின. பீங்கான் தட்டில் கத்தியை இழுத்த மாதிரி ஒரு கிறீச்சல். 16 பிட் எண் எல்லையைத் தாண்டி −32,768-இலிருந்து +32,767-க்குக் குதித்தால் இப்படித்தான் இருக்கும். மீட்டின் அளவு அதிகம் என்று நினைத்துப் பாதியாக்கினேன். அலறல் கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை.

போர்டு அனுப்பும் எண்களை லேப்டாப்பில் கோடாக வரைந்து காட்டும் சீரியல் பிளாட்டரில் வெளியீட்டைப் போட்டுப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அலை பூஜ்யத்தைச் சுற்றி ஆடாமல், மொத்தமாகக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. நேர்மின் அளவு (டிசி), அதாவது அலையின் நடுக்கோடு பூஜ்யத்திலிருந்து விலகும் அளவு, சேருகிறது. ஆடியோ வேலை செய்பவர்கள் எல்லோரும் இதற்கு உடனே கையில் எடுப்பது டிசி பிளாக்கர். முந்தைய சாம்பிளைக் கழித்து, பழைய வெளியீட்டில் 0.995 பங்கைச் சேர்க்கும் ஒரு சின்ன வடிகட்டி. நாலு தந்தியையும் கலந்த பிறகு, ஸ்பீக்கருக்குப் போகும் இடத்தில் அதை வைத்தேன். பிளாட்டரில் கோடு பூஜ்யத்துக்கு வந்து நின்றது. ஒலியும் சுத்தம்.

பதினொரு நிமிடம். மறுபடி அதே அலறல்.

இந்த இடத்தில்தான் அதிக நேரம் போனது. வெளியீட்டைப் பார்த்தால் அலறும் வினாடி வரை ஒரு குறையும் தெரியாது. கடைசியில் ஸ்பீக்கர் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தந்தியின் பஃபருக்குள் இருக்கும் எண்களின் சராசரியை வினாடிக்கு ஒருமுறை அச்சிட்டேன். ஒரே ஒரு முறை மீட்டி, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். சாரணியின் சராசரி வினாடிக்கு ஏறத்தாழ 49 இறங்கியது. பஞ்சமம் 37 இறங்கியது. மந்தரம் 24, 25.

196-ஐ நாலால் வகுத்தால் 49. 147-க்கு 36.75. 98-க்கு 24.5. ஆக, ஒரு சுற்றுக்குக் கால் அலகு நழுவுகிறது. இரண்டு எண்ணைக் கூட்டி வலப்பக்கம் ஒரு பிட் நகர்த்தி (இரண்டால் வகுப்பதற்குச் சமம்) சராசரி எடுத்திருந்தேன். கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக இருந்தால் அரை அலகு போய்விடும், அதுவும் எப்போதும் கீழ்நோக்கியே. பாதி நேரம் ஒற்றை, பாதி நேரம் இரட்டை, சராசரியில் கால் அலகு. 32,768-ஐ 49-ஆல் வகுத்தால் 669 வினாடி, அதாவது பதினொரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே.

பாடப்புத்தகத்தில் நிலைத்தன்மைக்கு ஒரு வரையறை உண்டு. உள்ளே போவது எதுவாக இருந்தாலும், அது ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை, வெளியே வருவதும் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். 'எதுவாக இருந்தாலும்' என்பதைத்தான் நான் சரியாக வாசிக்கவில்லை. மீட்டு மட்டுமே உள்ளீடு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு சாம்பிளிலும் நழுவும் கால் அலகும் உள்ளீடுதான். அது எப்போதும் கால் அலகுதான், அதைவிடக் கட்டுக்கோப்பான உள்ளீடு கிடையாது. ஆனால் சராசரி எடுக்கும் சுற்று, மாறாத எண்ணைத் தேய்க்காது: 100, 100 என்ற இரண்டின் சராசரி 100-தான். சத்தத்தின் மேல் அதிர்வுகள் எல்லாம் தேயும். நேர்மின் அளவு மட்டும் அப்படியே இருக்கும், மேலே விழுவதை எல்லாம் சேர்த்துக்கொண்டே போகும். அலகு வட்டத்தின் மேலேயே ஒரு துருவம் உட்கார்ந்திருப்பது என்று சொல்வார்களே, அதன் நேரடிக் காட்சி இது. துருவம் என்பது சுற்றின் போக்கைக் காட்டும் ஒரு புள்ளி: வட்டத்துக்கு உள்ளே இருந்தால் தேயும், வெளியே போனால் வளரும், வட்டத்தின் மேலேயே இருந்தால் அப்படியே நிற்கும். அடைப்பு சரியில்லாத குழாய்க்கடியில் வைத்த, ஓட்டையே இல்லாத குடம்.

டிசி பிளாக்கர் ஏன் ஏமாற்றியது என்பதும் புரிந்தது. தந்தியின் துருவம் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் பிளாக்கருக்கு ஒரு பூஜ்யம், அதாவது வருவதை முழுதாக அழிக்கும் புள்ளி, இருக்கிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை மொத்தமாகப் பார்த்தால் வரையறைப்படி எல்லாம் ஒழுங்கு. பஃபருக்குள் மட்டும் எண் இறங்கிக்கொண்டே போகிறது, அதை வெளியே காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே அடையாளத்தையும் நானே துடைத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு எழுதிவைத்துக்கொண்டது: சுற்றுக்கு உள்ளே கருவியை வைக்காமல் எந்தச் சுற்றையும் நம்பக் கூடாது.

மருந்து, குடத்தில் ஓட்டை போடுவது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவான எண்ணால் பெருக்க வேண்டும். இது ஒலிக்கும் தேவைதான். வெறும் சராசரியில் மந்தரத்தின் அடிப்படை அதிர்வு 60 டெசிபல் இறங்க, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காக, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு 12 வினாடியில் இறங்கினால் போதும். அதற்குச் சாரணிக்கு 0.9971, பஞ்சமத்துக்கு 0.9961, மந்தரத்துக்கு 0.9941. அடிக்கடி சுற்றும் தந்திக்குப் பெருக்கும் எண் ஒன்றுக்கு இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். நாலுக்கும் ஒரே எண்ணைப் போட்டபோது மந்தரம் ஒலித்துக்கொண்டே இருந்தது, சாரணி சீக்கிரம் செத்தது.

சரிவு நின்றது. ஆனால் பூஜ்யத்தில் நிற்கவில்லை, சாரணியின் சராசரி −170 அளவில் போய் உட்கார்ந்தது. இதுவும் கணக்குக்குச் சரிதான். இப்போது பெருக்கிய பிறகு 16 பிட் நகர்த்துவதால் (65,536-ஆல் வகுப்பதற்குச் சமம்) சராசரியாக அரை அலகு நழுவுகிறது. 0.5-ஐ 0.0029-ஆல் வகுத்தால் 172. ஓட்டை இருக்கிறது, ஆனால் ஊசித்துளை.

கீழ்நோக்கி வெட்டுவதற்குப் பதில் அருகிலிருக்கும் முழு எண்ணுக்கு வட்டமாக்கினால் சாய்வு போய்விடுமே என்று அப்படிச் செய்தேன். சாய்வு போனது. வேறொன்று வந்தது: மீட்டுவதை நிறுத்தின பிறகு தந்தி அடங்கவேயில்லை. ஹெட்போனில் கேட்டால் ஒரு மெல்லிய ரீங்காரம் நிற்காமல் ஓடுகிறது. பஃபரை அச்சிட்டால் நூற்றுச்சொச்சத்தில் ஓர் அலை, மாறாமல், சுற்றிக்கொண்டே. 150-ஐ 0.9971-ஆல் பெருக்கினால் 149.57, வட்டமாக்கினால் மறுபடி 150. சின்ன எண்களுக்கு என் ஓட்டை அடைபட்டுவிடுகிறது. எல்லைக்குள்தான் இருக்கிறது, வரையறை ஒன்றும் குறை சொல்லாது. ஆனால் சுருதிப் பெட்டிக்கு அது போதாது. மீட்டு நின்றால் தந்தி அடங்கணும்.

தீர்வு ஒரே ஒரு குறியீட்டில் இருந்தது. சி மொழியில் குறை எண்ணை வலப்பக்கம் நகர்த்தினால் கம்பைலர் வழக்கமாகக் கீழ்நோக்கி வெட்டும். ஆனால் 65,536-ஆல் வகுத்தால் பூஜ்யத்தை நோக்கி வெட்டும். நகர்த்தலை எடுத்துவிட்டு வகுத்தலைப் போட்டேன். இப்போது பஃபரில் இருக்கும் மிகப்பெரிய எண் எதுவானாலும் அடுத்த சுற்றில் குறைந்தது ஒன்றாவது குறைந்தே தீரும், ஏனென்றால் பெருக்கினால் சிறிதாகிறது, பின்னம் எந்தப் பக்கமும் மேலே ஏறாது. மீட்டை நிறுத்திய 20 வினாடிக்குள் 225 இடங்களும் சுத்தமான பூஜ்யம். வகுத்தல் மெதுவாக இருக்குமோ என்று பயந்தேன். கம்பைலரே அதை ஒரு சின்னத் திருத்தத்தோடு நகர்த்தலாக மாற்றிவிடுகிறது.

மீட்டின் அளவை எவ்வளவு வைக்கலாம் என்பதற்கும் அதே வரையறை ஒரு எண் தரும். ஒரே ஒரு துடிப்பை உள்ளே அனுப்பினால் வெளியே வருவதெல்லாவற்றையும், கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு, அளவை மட்டும் கூட்ட வேண்டும். அந்தத் தொகைக்கு முடிவு உண்டென்றால் சுற்று நிலையானது, அந்தத் தொகைதான் மிக மோசமான பெருக்கமும். சாரணிக்கு அது 1-ஐ 0.0029-ஆல் வகுத்தது, 345. அதன்படி பார்த்தால் உள்ளீடு 94-ஐத் தாண்டக் கூடாது. அந்த அளவில் மீட்டினால் கொசு பாடுவது போல இருக்கும்! ஆனால் அது, யாரோ வேண்டுமென்றே ஒவ்வொரு சாம்பிளிலும் மோசமான எண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தால் வரும் கணக்கு. நான் 4 வினாடிக்கு ஒருமுறை, பஃபரின் நீளத்துக்கு மட்டும்தான் இரைச்சல் போடுகிறேன். 12 வினாடியில் 60 டெசிபல் என்றால் 4 வினாடியில் 20, அதாவது பத்தில் ஒரு பங்கு. எல்லா மீட்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தாலும் 1.11 மடங்குக்கு மேல் போகாது. 20,000 என்று வைத்தேன், தாராளமாக இடம் இருக்கிறது.

அப்புறம் தள்ளிவைத்த சுருதி வேலை. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் கட்டுரை வந்த அதே கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல் இதழில் டேவிட் ஜாஃபே, ஜூலியஸ் ஸ்மித் இருவரும் இதற்கு வழி சொல்லியிருந்தார்கள். பின்னத் தாமதத்துக்கு ஒரு ஆல்பாஸ் வடிகட்டியை, அதாவது எந்த அதிர்வின் அளவையும் மாற்றாமல் தாமதத்தை மட்டும் கூட்டும் ஒன்றை, சுற்றுக்குள் சேர்ப்பது. அதன் ஒரே கெழு, ஒன்றிலிருந்து தாமதத்தைக் கழித்ததை ஒன்றோடு தாமதத்தைக் கூட்டியதால் வகுத்தது. சாரணிக்கு 224 இடம், சராசரியால் அரை, ஆல்பாஸால் அரை, மொத்தம் 225. கெழு 0.333. சுருதி கச்சிதம்.

நுண்சுருதிக்கான குமிழை இதோடு இணைத்து, கொஞ்சம் ஏற்றினேன். இந்தத் தடவை பதினொரு நிமிடமெல்லாம் இல்லை. குமிழ் ஒரு கோட்டைத் தாண்டிய கணத்திலேயே 'ஷ்ஷ்ஷ்' என்று முழு அளவில் இரைச்சல். நாலு சென்ட் (அரைச்சுரத்தில் நூற்றில் நாலு பங்கு) ஏற்றினாலே தாமதம் அரையிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. −0.1 ஆனால் கெழு 1.22, துருவம் அலகு வட்டத்துக்கு வெளியே. ஒவ்வொரு சாம்பிளிலும் 1.22 மடங்கு என்றால் 1 என்ற எண் 32,768-ஐத் தாண்ட 53 சாம்பிள் போதும், ஒரு மில்லி வினாடிக்குச் சற்று மேலே. வட்டத்தின் மேல் உட்கார்ந்த துருவத்துக்கும் வெளியே போன துருவத்துக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு இப்படித்தான் தெரிகிறது: முன்னது பொறுமையாகக் கொல்லும். இரண்டில் எனக்குப் பின்னதுதான் பிடித்தது, குற்றவாளி கையிலேயே நிற்கிறான்.

தாமதம் எல்லை தாண்டும்போது பஃபரின் நீளத்தை ஒன்று மாற்றி, பின்னத்தை எப்போதும் 0.5-இலிருந்து 1.5-க்குள் வைத்தேன். அதிலும் ஒரு கோணல். சரியாக ஐந்து கட்டையில் பின்னம் 0.5-இலேயே நிற்கிறது, பொட்டென்ஷியோமீட்டரின் சின்ன நடுக்கத்துக்கெல்லாம் நீளம் 224-க்கும் 223-க்கும் தாவி 'டிக் டிக்' என்கிறது. 0.3-இலிருந்து 1.3 என்று மாற்றியதும் அடங்கியது. கெழு அதிகபட்சம் 0.54. ஆல்பாஸ் வந்த பிறகு தந்தி முழுப் பூஜ்யத்துக்கு வருவதில்லை, அதன் நினைவிடத்துக்கு 8 பிட் கூடுதலாகக் கொடுத்தும் ±2-இல் ஆடிக்கொண்டிருக்கிறது. −84 டெசிபல். விட்டுவிட்டேன்.

கடைசியாக ஜீவாளி. தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் நூல் செருகி இழுத்துவிட்டால் வரும் அந்த ரீங்காரம் இல்லாமல் தம்புரா தம்புராவே இல்லை. சர் சி.வி. ராமன் 1921-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மீட்டும் இடத்தில் கணு (ஆடாத புள்ளி) இருக்கும் மேல் அதிர்வுகள் எழக் கூடாது என்பது பழைய விதி, தம்புராவிலும் வீணையிலும் அவையும் ஒலிக்கின்றன என்று காட்டினார். அதைக் கணக்கில் கொண்டுவர, அலை ஒரு அளவைத் தாண்டும்போது தாமதத்தைச் சற்றுக் குறைத்தேன். இதில் துருவம், வட்டம் எதுவும் உதவாது, சுற்று இப்போது நேரியல் இல்லை, உள்ளீட்டை இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்புக்கு எண்ணை ±30,000-இல் வெட்டினேன். எல்லை தாண்ட வழியே இல்லை, எனவே வரையறைப்படி பரம சாது. ஜீவாளியின் பலத்தை ஏற்றியதும் அந்தச் சாது ±30,000-லேயே நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது.

ஆகவே எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். மீட்டை நிறுத்து, 15 வினாடி கழித்து பஃபருக்குள் மிகப்பெரிய எண் 20-க்குள் இருக்கணும். ஒவ்வொரு மாற்றத்துக்கும், குமிழின் இரண்டு கோடியிலும் இதை ஓட்டினேன். சுற்றுக்குள் வைத்த ஜீவாளி, கேட்க நன்றாக இருக்கும் பலத்தில் இதில் தேறவில்லை. அதைச் சுற்றுக்கு வெளியே, திரும்பி வராத பாதையில் வைத்துவிட்டேன். ரீங்காரம் கொஞ்சம் சப்பைதான். ஆனால் பெட்டியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகலாம்.

அடுத்த தடவை பிகோ 2 வாங்குவேன். அதன் ஆர்பி 2350 சிப்பில் தசமக் கணக்கு வன்பொருளிலேயே இருக்கிறது, ±2 ஆட்டம் போய்விடும். பெருக்கும் எண் ஒன்றாக இருந்தால் அங்கேயும் நேர்மின் அளவு சேரத்தான் செய்யும், அதனால் 0.9971 அப்படியே இருக்கும். பஃபரின் சராசரியையும் உச்சத்தையும் காட்ட ஒரு சின்ன ஓலெட் திரையை முதல் நாளே மாட்டிவிடுவேன். பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதில் ரோட்டரி என்கோடர். அப்புறம் ஸ்பீக்கர்: மூன்று அங்குலம் 98 ஹெர்ட்ஸை ஏதோ பேருக்குத்தான் தருகிறது, மந்தரத்தின் மேல் அதிர்வுகளை வைத்துத்தான் காது மீதியை ஊகித்துக்கொள்கிறது. ஐந்து அங்குலமும் அதற்கேற்ற பலாப் பலகைப் பெட்டியும் போட்டால் செலவு 819-இல் நிற்காது.